12 ஏக்கர்ல அங்கோரா ஆடு: மொஹேருக்காக ஆடு வளர்க்க நினைக்கிறவங்களுக்கு

டெக்சஸ்ல ஆஸ்டின் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப ஹில் கன்ட்ரிங்கிற மேட்டுப் பகுதில 10 ஏக்கர் 15 ஏக்கர்னு இடம் வாங்குறாங்க, வாங்கினதும் முதல்ல கேக்குறது ஆடு விட்டா சொத்துவரி குறையுமாமே, எந்த ஆடு விடலாம்னுதான். கறிக்கு போயர் ஆடு வளர்க்கிறத பத்தி சொல்ல இங்க ஆளு நிறைய இருக்கு. முடிக்காக வளர்க்கிற ஆட்ட பத்தி தமிழ்ல எழுதி நான் பாக்கல, அதனால ஆறு வருஷமா அங்கோரா வெச்சிருக்கிற அனுபவத்துல நானே எழுதுறேன். எங்க குடும்பம் தாராபுரம் பக்கம் கொறங்காட்டுல, அதாவது வேலி போட்ட வறண்ட மேய்ச்சல் காட்டுல, ஆடு மேய்ச்ச குடும்பம், ஆடு எனக்கு புதுசு இல்ல, ஆனா முடிக்கு ஆடு வளர்க்கிறது முழுக்க வேற வேலைனு இங்க வந்துதான் புரிஞ்சுது.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடுறேன். கடைல அங்கோரா நூல்னு விக்கிறது முயலோட முடி. அங்கோரா ஆட்டோட முடிக்கு பேரு மொஹேர். துருக்கில இருக்கிற அங்காரா ஊரோட பழைய பேருதான் அங்கோரா, ரெண்டுக்கும் பேரு அங்கிருந்து வந்ததுதான். இந்த ஆடு அமெரிக்காவுக்கு 1849ல வந்துச்சு, டெக்சஸ்ல எட்வர்ட்ஸ் பீடபூமியோட காய்ஞ்ச பாறை நிலமும் ஓக் புதரும் அதுக்கு அவ்வளவு பொருந்திப் போச்சு, 1960கள்ல இந்த ஒரு மாநிலத்துல மட்டும் 40 லட்சத்துக்கு மேல அங்கோரா ஆடு இருந்துச்சு. 1954ல வந்த கம்பளிச் சட்டத்துல அரசாங்கம் மானியம் குடுத்துச்சு, 1990கள் நடுவுல அது நின்னதும் பட்டி பட்டியா வித்துட்டாங்க. இருந்தாலும் ராக்ஸ்பிரிங்ஸ், சனோரா பக்கம் இதையே வாழ்நாள் பூரா பண்ணின பெரியவங்க இன்னும் இருக்காங்க, அவங்கள்ல ஒருத்தர் பழக்கமானா விடாதீங்க, அவங்க கைல இருக்கிற விஷயம் எந்த வீடியோலயும் கிடைக்காது.

பஷ்மினா வளர்க்கலாமேனு சில பேர் கேக்குறாங்க. அது லடாக்கோட சாங்தாங்கி ஆடு, குளிருக்காக மேல் முடிக்கு அடியில வளர்ற மெல்லிசான பூமுடி அது, வருஷத்துக்கு ஒரு தடவ வசந்த காலத்துல சீப்பு போட்டு சீவி எடுக்கணும், ஒரு ஆட்டுக்கு 100லேர்ந்து 200 கிராம் கிடைச்சா பெருசு. அங்கோரா அப்படி இல்ல, உடம்பு பூரா ஒரே முடி, மாசத்துக்கு கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் வளரும், வருஷத்துக்கு ரெண்டு தடவ கத்தரிக்கலாம், வளர்ந்த ஆடு ஒண்ணு வருஷத்துக்கு 4, 5 கிலோ குடுக்கும். சின்ன இடத்துல ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் கைக்கு அடங்குற கணக்கு.

முதல் ஆடு வாங்குறப்ப பெட்டையும் கிடாவும் ஜோடியா வாங்காதீங்க. காயடிச்ச கிடா மூணு வாங்குங்க, ஒண்ணு மட்டும் வாங்கவே கூடாது, தனியா விட்ட ஆடு கத்தி கத்தியே இளைச்சுப் போயிடும். காயடிச்சதுக்கு சினைச் செலவு கிடையாது, குட்டி போடுற டென்ஷன் கிடையாது, கிடா நாத்தமும் வராது, சாப்பிடுறது எல்லாம் முடியா வரும். ரெண்டு வருஷம் அதுங்கள வெச்சு கை பழகினப்புறம் பெட்டைக்கு போங்க. வாங்கப் போறப்ப கழுத்த மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, விலாவுலயும் பின் தொடையிலயும் முடிய விரலால பிரிச்சு தோல் வரைக்கும் பாருங்க. சுருள் சுருளா பளபளனு இருக்கணும். நடுவுல சுண்ணாம்பு மாதிரி வெளிறிப் போய் சுருளாம விறைச்ச முடி கலந்திருந்தா அதுக்கு கெம்ப்னு பேரு, சாயம் ஏறாது, தொட்டா குத்தும், அது நிறைய இருக்கிற ஆட்ட விட்டுடுங்க. தொடையில கொஞ்சம் இருக்கிறது சகஜம்தான்.

வயசும் முக்கியம். முடியோட தடிப்ப மைக்ரான் கணக்குல அளப்பாங்க, குட்டியோட முதல் கத்தரிப்பு முடி 25 மைக்ரான் பக்கம் இருக்கும், கன்னத்துல வெச்சா பூ மாதிரி இருக்கும், விலையும் அதுக்குத்தான். வயசு ஏற ஏற தடிச்சுக்கிட்டே போய் 35ஐ தாண்டிடும், அப்ப அது போர்வைக்கும் கார்ப்பெட்டுக்கும்தான். சலிசா கிடைக்குதேனு எட்டு வயசு ஆட்ட வாங்கிட்டு வந்து ஸ்வெட்டர் நூல் எதிர்பாக்காதீங்க.

வேலி. கொறங்காட்டுல கிளுவை வேலிதான், ஆடு அதுலயே கடிச்சு தின்னுட்டு சும்மா இருக்கும். இங்க 4 அடி உயர கம்பி வலை வேணும், ஆனா உயரத்த விட வலையோட கண்ணு, அதாவது ஓட்டை சைஸ்தான் இதுல விஷயம். அங்கோராவுக்கு கிடா பெட்டை ரெண்டுக்கும் கொம்பு உண்டு, பின்னால சாஞ்சு வளரும், 6 இஞ்ச் கண்ணுல தலைய உள்ள விட்டுடும், வெளிய எடுக்கிறப்ப கொம்பு மாட்டிக்கும், வெயில்ல அப்படியே நிக்கும். ஒண்ணு 4 இஞ்ச் கண்ணு போடுங்க, இல்ல தலை கொம்போட சுளுவா போய் வர்ற மாதிரி 12 இஞ்ச் அகலம் போடுங்க, நடுவாந்தரமா எதுவும் வேணாம். முள்கம்பி வேண்டவே வேண்டாம், முடி பூரா அதுலதான் தொங்கும். ராத்திரிக்கு கயோட்டினு நரி மாதிரி ஒண்ணு வரும், அதனால ஒண்ணு ஆட்ட அடைச்சு வைங்க இல்ல காவல் நாய் வளருங்க. கிரேட் பிரனீஸ் நல்லாருக்கும், அனடோலியன் ஷெப்பர்டும் நல்லாருக்கும், அது இந்த ஆட்டோட சொந்த ஊர்லேர்ந்து வந்த நாய்தான்.

இப்ப நான் இத எழுத உக்காந்ததுக்கே காரணமான விஷயம். முடி கத்தரிச்ச அங்கோரா மழைல நனைஞ்சா செத்துப் போகும். குளிரால மட்டும் இல்ல, குளிரும் ஈரமும் காத்தும் சேர்ந்தா. எனக்கு ரெண்டாவது வருஷம், மார்ச் ஆரம்பத்துல நல்ல வெயில் அடிச்ச ஒரு சனிக்கிழமை கத்தரிச்சோம், ஆளுக்கு ஒரு ஆடுனு புடிச்சு சந்தோஷமா முடிச்சோம். அஞ்சாம் நாள் மதியம் 75 ஃபாரன்ஹீட் இருந்துச்சு, நான் ஆபீஸ்ல இருந்தேன், மூணு மணிக்கு மேல வடக்கேர்ந்து காத்து திரும்பி மழையும் சேர்ந்துக்கிச்சு, நான் வீடு வந்து சேர்றப்ப 40க்கு கீழ போயிருந்துச்சு. ஆடுங்க கொட்டாய் பக்கத்துலயே இருந்தும் உள்ள போகாம வேலி மூலைல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி குவிஞ்சு கிடந்துச்சு. அடியில இருந்த ரெண்டு போயிடுச்சு. ஒண்ணுக்கு வாய்க்குள்ள விரல விட்டு பாத்தா ஐஸ் மாதிரி இருந்துச்சு, அத வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்து ஹேர் டிரையர் போட்டு துண்டால தேய்ச்சு ராத்திரி பூரா உக்காந்து காப்பாத்தினோம். அது என் தப்பு, வேற யார் மேலயும் பழி இல்ல, வானிலை அறிக்கைல வந்துச்சு, நான் பாக்கல.

அதனால கத்தரிச்சு குறைஞ்சது நாலுலேர்ந்து ஆறு வாரத்துக்கு, மழை வாய்ப்புனு போட்டிருந்தா வேலைக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே கொட்டாய்க்குள்ள அடைச்சு கதவ சாத்திட்டு போங்க, அதுங்களா போகும்னு நம்பாதீங்க. வடக்கும் மேற்கும் அடைச்ச கொட்டாய், தரை காய்ஞ்சிருக்கணும், அவ்வளவு போதும், பெருசா செலவு பண்ண வேணாம். வசந்த காலத்துல கத்தரிக்கிறப்ப முதுகெலும்பு மேல கழுத்துலேர்ந்து வால் வரைக்கும் ஒரு சாண் அகலத்துக்கு முடிய விட்டுட்டு கத்தரிக்கிற பழக்கம் இங்க பழைய ஆளுங்ககிட்ட உண்டு, போர்வை போத்தின மாதிரி இருக்கும், மழைத்தண்ணி முதுகுல தங்காம ஓடிடும். கொஞ்சம் முடி நஷ்டம்தான். நான் இப்ப அப்படித்தான் பண்றேன். இன்னொன்னு, கத்தரிச்ச ஆட்டுக்கு பசி அதிகம், உடம்பு சூட்டுக்கே தீவனம் போகும், அந்த ஒரு மாசம் தீவனத்த கூட்டி போடுங்க.

தீவனம்னதும் ஞாபகம் வருது, மத்த ஆடெல்லாம் தின்னத முதல்ல உடம்புல ஏத்தும், அங்கோரா முதல்ல முடிக்குத்தான் குடுக்கும். பல தலைமுறையா முடிக்குனே பொறுக்கி எடுத்து இப்படி ஆக்கி வெச்சிருக்காங்க. பஞ்சத்துலயும் முடி வளர்ந்துக்கிட்டே இருக்கும், வெளிய பாத்தா ஆடு கொழுகொழுனு இருக்கிற மாதிரிதான் தெரியும், கைய முடிக்குள்ள விட்டு முதுகெலும்ப தடவினா கத்தி மாதிரி தட்டும். அதனால கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஒவ்வொரு ஆட்டையும் முதுகுலயும் விலாவுலயும் தடவிப் பாருங்க. சினை ஆட்டுக்கு இது ரொம்ப முக்கியம், மூணு மாசம் தாண்டுற சமயத்துல தீவனம் குறைஞ்சாலோ நாய் துரத்தினாலோ அங்கோரா கரு கலைஞ்சிடும்.

மேய்ச்சல் தழைதான் நல்லது. லைவ் ஓக், கொடிங்க, சீடார் கன்னு, எட்டுற உயரத்துல இருக்கிறத பூரா மொட்டை அடிச்சிடும். இடம் பத்தாதவங்க ஹே, அதாவது காய வெச்ச புல்லு போடுங்க, கூட கொஞ்சம் அல்ஃபால்ஃபா, நம்ம ஊர்ல குதிரை மசால்னு சொல்றது அதுதான். ஆனா புரோட்டீன அள்ளி கொட்டினா முடி நீளமா வரும், கூடவே தடிச்சும் போகும், குட்டி முடிக்கு நல்ல விலை வேணும்னா அளவு தெரிஞ்சு குடுங்க. தாது உப்பு வாங்குறப்ப செம்மறிக்குனு போட்டிருக்கிறத வாங்காதீங்க, செம்மறிக்கு காப்பர் விஷம், அதனால அதுல காப்பர் சேர்க்க மாட்டாங்க, வெள்ளாட்டுக்கு காப்பர் கட்டாயம் வேணும். காயடிச்ச கிடாவுக்கு தானியத்த குறைச்சு வைங்க, சுண்ணாம்புச் சத்துக்கும் பாஸ்பரஸுக்கும் 2:1 கணக்கு கெட்டா மூத்திரத்துல கல்லு அடைச்சுக்கும், முக்கிக்கிட்டு நின்னுச்சுனா அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடணும். நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, பூஜைக்கு பூ வேணும்னு அரளி நட்டிருப்பீங்க, அத வேலிக்கு எட்டாத தூரத்துல வைங்க, வெட்டின கிளைய கூட ஆட்டு பக்கம் போடாதீங்க, கொஞ்சூண்டு இலை போதும் ஆட்ட கொல்றதுக்கு.

புழு. இதுல கண்டிப்பா ஒரு அடி வாங்குவீங்க, அதனால முன்னாடியே சொல்றேன். ஹெமாங்கஸ்னு ஒரு ரத்தம் குடிக்கிற வயித்துப்புழு, மழை பேஞ்சு வெயில் அடிச்சா பெருகும், பனித்துளி இருக்கிற புல்லுல ஏறி உக்காந்து ஆட்டு வயித்துக்குள்ள போகும். முடி மறைச்சிருக்கிறதால ஆடு இளைக்கிறது தெரியாது, தாடைக்கு கீழ தண்ணி கோத்து தொங்குறப்பதான் நிறைய பேர் கவனிக்கிறாங்க, அது கடைசி கட்டம். கீழ் இமைய இழுத்து உள் சதை நிறத்த பாருங்க, நல்ல செவப்பா இருந்தா சரி, வெளிறிப் போய் வெள்ளையா இருந்தா ரத்தம் இல்லனு அர்த்தம். இதுக்கு ஃபமாச்சானு 1லேர்ந்து 5 வரைக்கும் நிறம் போட்ட கார்டு இருக்கு, தென்னாப்பிரிக்காவுல கண்டுபிடிச்சது, வெயில் காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பாத்துடுங்க. எல்லா ஆட்டுக்கும் காலண்டர் பாத்து மருந்து ஊத்துறத நிறுத்துங்க, 4, 5 வந்த ஆட்டுக்கு மருந்து, 3 வந்தா டாக்டர கேட்டு முடிவு பண்ணுங்க, எல்லாத்துக்கும் ஊத்திக்கிட்டே இருந்தா மருந்துக்கு அடங்காத புழுதான் மிஞ்சும். கூடவே மேய்ச்சல் நிலத்த நாலா பிரிச்சு மாத்தி மாத்தி விடுங்க, புல்லு 4 இஞ்சுக்கு கீழ வர்றதுக்குள்ள அடுத்ததுக்கு போயிடணும். எங்க அப்பாரு கொறங்காட்ட துண்டு துண்டா வேலி போட்டு வெச்சு ஒண்ணு ஒண்ணா தொறந்து விடுவாரு, புல்லு மிச்சமாகத்தான் அப்படி பண்றாருனு அப்ப நினைச்சேன். டெட்டனஸுக்கும் துள்ளுமாரிக்கும் (குடல்ல விஷம் ஏறி திடீர்னு சாகுற நோய்) சேர்த்து வருஷா வருஷம் ஊசி போட்டுடுங்க, கத்தரிக்கிறப்ப தோல் கிழியாம இருக்காது.

முடிய சுத்தமா வெச்சுக்கிறதுதான் காசு. ஹே தொட்டிய ஆட்டு மூக்குக்கு கீழ வைங்க, உயரத்துல வெச்சா ஒண்ணு இழுக்கிற தூசி பூரா பக்கத்து ஆட்டு கழுத்துல கொட்டும், கழுத்து முடி கையால பொறுக்கினாலும் தேறாது. ஒட்டுற முள்ளுக்காய் செடி எல்லாத்தையும் காய் வைக்கிறதுக்கு முன்னாடி புடுங்கிடுங்க. ஹே கட்டு கட்டி வர்ற பிளாஸ்டிக் கயித்த அன்னன்னிக்கே எடுத்து போட்டுடுங்க, அதோட நார் முடில கலந்தா மில்லுல வாங்கவே மாட்டாங்க. கண்ணு மேல விழுற முடிய மாசா மாசம் கத்திரியால வெட்டி விடுங்க, கண்ணு மறைஞ்ச ஆடு தீவனத்த தேடாது, பின்னால நாய் வந்து நின்னாலும் தெரியாது. அப்படியே குளம்பையும் ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவ சீவி விட்டுடுங்க.

கத்தரிப்பு பிப்ரவரி கடைசி மார்ச்சுல ஒண்ணு, ஆகஸ்ட் செப்டம்பர்ல ஒண்ணு. முந்தின ராத்திரியே கொட்டாய்ல அடைச்சு தீவனத்த நிறுத்திடுங்க, வயிறு காலியா இருந்தா ஆடு முண்டாது, முடியும் காய்ஞ்சிருக்கும், ஈர முடிய மூட்டை கட்டினா பூசணம் புடிச்சு மக்கிடும். தரைய கூட்டிட்டு சின்ன குட்டிலேர்ந்து ஆரம்பிங்க, விலை கூடுன முடி சுத்தமான தரைல விழணும். மெஷினுக்கு ஆட்டுக்குனு வர்ற நெருக்கமான 20 பல்லு சீப்பு போடுங்க, செம்மறி சீப்புல பல்லு இடைவெளி அகலமா இருக்கும், அங்கோராவோட தொளதொள தோல் பல்லுக்குள்ள புகுந்துடும். தோல இன்னொரு கையால இழுத்து புடிச்சு விறைப்பாக்கி அப்புறம்தான் மெஷின் போகணும். வயித்துலேர்ந்து ஆரம்பிச்சு காலு, அப்புறம் விலா, முதுகு. பெட்டைக்கு மடிக்காம்பு, கிடாவுக்கு வயித்துக்கு கீழ இருக்கிற உறை, பின்னங்கால் நரம்பு, இந்த மூணு இடத்துல கைய வெச்சு மறைச்சுக்கிட்டு ஓட்டுங்க. ஒரு தடவ ஓட்டுன இடத்துல மேடா தெரியுதேனு மறுபடி ஓட்டாதீங்க, அரை இஞ்ச் துணுக்கு விழும், நூல் நூக்கிறப்ப அதுதான் உருண்டை உருண்டையா வந்து நிக்கும். ஆட்டுக்கு அழகு வேணாம், முடிக்குத்தான் வேணும். மூணு ஆடுதான்னா கைக்கத்திரி போதும், ஆட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், பரவால்ல. கத்தரிச்ச கையோட பேன் இருக்கானு பாருங்க, மருந்து போட இதுதான் நேரம், ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ போட்டாத்தான் முட்டைலேர்ந்து வந்ததும் சாகும்.

வெட்டின முடிய கம்பி வலை மேஜைல விரிச்சு, மூத்திரக் கறை, புழுக்கை ஒட்டினது, வயித்து முடி எல்லாத்தையும் தனியா எடுத்துடுங்க. குட்டி, ஒரு வயசு, பெரிய ஆடுனு மூணு பைல பிரிங்க, காகித பை, இல்லனா காட்டன் பை. கழுவுறதுக்கு வலைப்பைல தளர்வா போட்டு 60 டிகிரி செல்சியஸ் சூட்டு தண்ணில பாத்திரம் கழுவுற சோப்பு ஊத்தி முக்கி வைங்க, கால் மணி நேரம், கசக்கவே கூடாது. தண்ணி ஆறுறதுக்குள்ள எடுத்துடணும், ஆறினா கரைஞ்ச பிசுக்கு திரும்ப முடிலயே ஒட்டிக்கும். ரெண்டு தடவ சோப்பு, ரெண்டு தடவ அதே சூட்டுல வெறும் தண்ணி, நிழல்ல வலை மேல காய வைங்க. பழுப்பு சேறு மாதிரி இருந்தது வெள்ளி மாதிரி மின்னும், முதல் தடவ பாக்குறப்ப எனக்கு பேச்சே வரல.

விக்கிறதுக்கு மொத்த வியாபாரிய மட்டும் நம்பாதீங்க, பத்து ஆட்டு முடிக்கு அவங்க விலைல ஹே செலவு கூட தேறாது. கைல நூல் நூக்கிறவங்க, பொம்மை முடி பண்றவங்க, சான்டா தாடி பண்றவங்க, இவங்க கழுவின சுருள அவுன்ஸ் கணக்குல நல்ல விலைக்கு வாங்குவாங்க, சுருள் கலையாம முழுசா இருக்கணும் அவ்வளவுதான். எங்க அம்மா ஸ்கூல்ல பழகின தக்களி பழக்கத்துல இப்பவும் உக்காந்து நூக்கிறாங்க, வழுவழுனு இருக்கிறதால மொஹேருக்கு முறுக்கு கொஞ்சம் கூட வேணும்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க. வரி விஷயத்துக்கு வர்றேன், டெக்சஸ்ல சொத்துவரி குறையுறதுக்கான 1-டி-1 விவசாய மதிப்பீடு வேணும்னா முந்தின 7 வருஷத்துல 5 வருஷம் அந்த நிலத்துல விவசாயம் நடந்திருக்கணும், எத்தனை ஏக்கருக்கு எத்தனை ஆடுனு ஒவ்வொரு கவுன்ட்டியும் தனி கணக்கு வெச்சிருக்கு, அதனால ஆடு வாங்குறதுக்கு முன்னாடி உங்க கவுன்ட்டி மதிப்பீட்டு ஆபீஸ்ல கேட்டுடுங்க, ஹே பில்லு, மருந்து பில்லு, முடி வித்த ரசீது எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

கடைசியா ஒரு பழக்கம், செலவே இல்லாதது. ஒவ்வொரு கத்தரிப்புலயும் ஒவ்வொரு ஆட்டோட விலாவுலேர்ந்து ஒரே ஒரு சுருள வெட்டி கவர்ல போட்டு ஆட்டு பேரும் தேதியும் எழுதி வைங்க. அந்த சுருள ரெண்டு கைலயும் புடிச்சு காது பக்கத்துல வெச்சு வெடுக்குனு இழுங்க. நல்ல முடின்னா டிங்குனு கம்பி மாதிரி சத்தம் வரும். எங்கயாவது நடுவுல சடசடனு அறுந்தா அந்த இடத்துலேர்ந்து வெட்டின முனை வரைக்கும் அளந்து பாருங்க, மாசத்துக்கு 2 சென்டிமீட்டர் கணக்கு. போன செப்டம்பர்ல எங்க பெரிய பெட்டையோட சுருள் வெட்டின முனைலேர்ந்து 4 சென்டிமீட்டர்ல அறுந்துச்சு, பின்னால எண்ணிப் பாத்தா ஜூலை, நாங்க ரெண்டு வாரம் ஊருக்கு போயிருந்தோம், பாத்துக்கிட்டவங்க புழுவுக்கு கண்ணு பாக்கல. இந்த வருஷம் ஜூலைல யாராவது ஒருத்தர் இங்கயே இருக்கிறதுனு முடிவு பண்ணிட்டோம்.